கடைசி கோரஸில் சுருதி ஏறும்போது: வாசகர் கேள்வி பதில்

பாட்டின் நடுவே சுருதி மாறுவது பற்றி, குறிப்பாக ஆங்கில பாப் பாடல்களிலும் மேடை இசை நாடகங்களிலும் அது நடக்கும் விதம் பற்றி வந்த கேள்விகள் இவை. கறுப்பு, வெள்ளை பார்க்காமல் கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தை ஒரு செமிடோன் என்று குறித்திருக்கிறோம். சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்பவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள். பெயரோடு ஃப்ளாட் சேர்ந்தால் ஒரு செமிடோன் கீழே, ஷார்ப் சேர்ந்தால் ஒரு செமிடோன் மேலே. மேஜர், மைனர் என்பவை இருவகை ஏழு ஸ்வர வரிசைகள், அதாவது ஸ்கேல்கள். கோரஸ் என்பது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதி. நடு சி என்பது சி4. அதற்கு மேல் ஸ்தாயியின் சி, சி5.

கேள்வி: ‘லெட் இட் கோ’ பாட்டில் கோரஸ் தொடங்கும்போது சுருதி மாறுகிறது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். எனக்கு மெட்டு மட்டும் மேலே போவதாகப் படுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான். அந்தப் பாட்டு எஃப் மைனரில் தொடங்கி, கோரஸில் ஏ ஃப்ளாட் மேஜருக்கு வருகிறது. இரண்டுக்கும் ஸ்வரங்கள் அதே ஏழுதான். ஸட்ஜம் மட்டும் இடம் பெயர்கிறது. கர்நாடக இசையில் கிரக பேதம் என்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததுபோல் காதுக்குத் தோன்றுவதால் நண்பர் ஏமாந்திருக்கிறார். உண்மையான சுருதி மாற்றத்தில் ஏழு ஸ்வரங்களும் அப்படியே பெயர்ந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும்.

சோதிக்க எளிய வழி: முதல் கோரஸ் முடிந்து ஓய்கிற ஸ்வரத்தைக் கீபோர்டில் கண்டுபிடியுங்கள். கடைசி கோரஸ் ஓய்கிற ஸ்வரத்தையும் கண்டுபிடியுங்கள். இரண்டும் ஒன்றானால் சுருதி மாறவில்லை. விட்னி ஹூஸ்டன் 1992-இல் பாடிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வில் இதைச் செய்து பார்த்தால் ஏ-யில் இருந்தது பி-க்குப் போயிருக்கும். இரண்டு செமிடோன் ஏற்றம். அதற்கு முன் ஒரு மௌனமும் ஒரே ஒரு டிரம் அடியும்.

காதை ஏமாற்றும் இன்னொன்று, பாடகர் கடைசியில் மேல் ஸ்தாயிக்குத் தாவுவது. குரலை விட்டுவிட்டு பேஸ் கிடாரைக் கேளுங்கள். அது பழைய இடத்திலேயே நின்றால் தாவியது குரல் மட்டுமே.

கேள்வி: ஏற்றுவதென்று முடிவு செய்துவிட்டால் எத்தனை செமிடோன் ஏற்றலாம்? ஒன்றா, இரண்டா, மூன்றா?

பதில்: மூன்றுக்கும் புகழ்பெற்ற முன்னுதாரணங்கள் உண்டு. மைக்கேல் ஜாக்சனின் ‘மேன் இன் த மிரர்’ ஒன்று ஏறுகிறது: ஜி-யிலிருந்து ஏ ஃப்ளாட். அதுவும் மாற்றத்தைக் குறிக்கும் ‘சேஞ்ச்’ என்ற சொல்லின் மேலேயே. பான் ஜோவியின் ‘லிவின் ஆன் எ பிரேயர்’ மூன்று ஏறுகிறது. ‘மை ஹார்ட் வில் கோ ஆன்’ இ மேஜரிலிருந்து ஏ ஃப்ளாட்டுக்கு, அதாவது நான்கு.

தேர்வு செய்யும்போது இரண்டு கணக்குகளைத் தனித்தனியே பாருங்கள். ஒன்று குரல் எவ்வளவு ஏற வேண்டும் என்பது. மற்றது காதுக்கு எவ்வளவு புதிதாகப் படும் என்பது. இந்த இரண்டும் சேர்ந்து போவதில்லை. சி மேஜருக்கும் டி மேஜருக்கும் பொதுவான ஸ்வரங்கள் ஐந்து. சி-க்கும் இ ஃப்ளாட்டுக்கும் நான்கு. சி-க்கும் இ-க்கும் மூன்று. சி-க்கும் டி ஃப்ளாட்டுக்கும் இரண்டே இரண்டு, சி-யும் எஃப்-உம். ஆக, ஒரே ஒரு செமிடோன் ஏற்றினால் குரலுக்கு வேலை மிகக் குறைவு, காதுக்கு அதிர்ச்சி மிக அதிகம். பாடகரின் உச்சியில் இடமில்லை என்றால் ஒன்றே போதும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

இதை அடுக்கி அடுக்கியும் செய்யலாம். பியான்ஸேயின் ‘லவ் ஆன் டாப்’ (2011) சி-யில் தொடங்கி, நான்கு முறை ஒவ்வொரு செமிடோனாக ஏறி இ-யில் நிற்கிறது. பாபி டாரின் பாடி 1959-இல் வெளிவந்த ‘மேக் த நைஃப்’ ஐந்து முறை ஏறுகிறது. அடுக்கும்போது ஒவ்வொரு படியும் சிறிதாக இருப்பது கட்டாயம். இரண்டிரண்டாக நான்கு முறை ஏற்றினால் எட்டு செமிடோன். எந்தப் பாடகரும் உங்களை மன்னிக்க மாட்டார்.

மூன்றும் நான்கும் ஏற்றும்போது ஒரு கோரஸை மட்டும் அங்கே வைத்து முடித்துவிடுவது நல்லது. மேலே போய் இரண்டு முறை, மூன்று முறை என்று திரும்பத் திரும்பப் பாட வைத்தால் முதல் தடவை கிடைத்த சிலிர்ப்பு மூன்றாம் தடவை களைப்பாகக் கேட்கும்.

கேள்வி: மேடையில் பாடுகிறேன். சுருதி மாறும் பாட்டுகளில் பாதிவரை சுகமாகப் போய், கடைசி கோரஸில் தொண்டை அடைத்துவிடுகிறது. எந்தச் சுருதியில் தொடங்குவது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: தொடக்கத்திலிருந்து கணக்குப் போடுவதுதான் சிக்கல். கடைசி கோரஸிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

முதலில் உங்கள் நிம்மதியான உச்சம் எது என்று தெரிய வேண்டும். காலையில் ஒரே ஒரு முறை எட்டிப் பிடித்த ஸ்வரம் உச்சம் ஆகாது. ஒரு மணி நேரம் பாடியபின், தொடர்ந்து மூன்று முறை, முழுக்குரலில், முகம் சுளிக்காமல் பாட முடிகிற ஸ்வரம்தான் கணக்கு. அது சி5 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, கோரஸின் மிக உயர்ந்த ஸ்வரம் அந்த ஸ்கேலில் எத்தனையாவது என்று பாருங்கள். ஆறாவது, அதாவது ‘த’ என்று வைப்போம். ஆறாவது ஸ்வரம் சி ஆக இருக்கும் மேஜர் ஸ்கேல் இ ஃப்ளாட். ஆகவே கடைசி கோரஸ் இ ஃப்ளாட்டில் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. பாட்டு இரண்டு செமிடோன் ஏறுகிறதென்றால் நீங்கள் தொடங்க வேண்டியது டி ஃப்ளாட்டில், நம் கணக்கில் ஒன்றரைக் கட்டை.

இப்போது அடிப்பக்கம். முதல் சரணம் கீழ்ப் பஞ்சமம் வரை இறங்குகிறதா? டி ஃப்ளாட்டில் அது ஏ ஃப்ளாட்3. உங்கள் குரல் கீழே ஏ3 வரைதான் கேட்கும்படி ஒலிக்கிறது என்றால் சரணம் மைக்கில் காணாமல் போகும். இந்த இடத்தில் பலர் சுருதியை மொத்தமாக ஏற்றி, கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள். அதைவிட ஏற்றத்தின் அளவைக் குறைப்பது புத்திசாலித்தனம். டி-யில் தொடங்கி ஒரே செமிடோன் ஏறி இ ஃப்ளாட்டில் முடியுங்கள். அடியும் ஏ3-யில் நிற்கும், உச்சியும் சி5-ஐத் தாண்டாது.

உச்ச ஸ்வரத்தில் எந்த உயிரெழுத்து விழுகிறது என்றும் பாருங்கள். ‘ஆ’ திறந்த வாயில் தாராளமாக வரும். ‘ஈ’யும் ‘ஊ’வும் இறுகும், அந்த இடத்தில் ஒரு செமிடோன் குறைவாகவே உங்கள் உச்சம் இருக்கும். ஓங்கிப் பாடும் பெண்குரல்களில் ஏ4-இலிருந்து டி5 வரையிலும், ஆண்குரல்களில் இ4-இலிருந்து ஜி4 வரையிலும் குரல் தடம் மாறும் இடங்கள் வருகின்றன. ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடும். ஏற்றத்துக்குப்பின் மெட்டு முழுவதும் அந்தப் பகுதியிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், உச்ச ஸ்வரம் கைக்கு எட்டினாலும் பாட்டு களைப்பூட்டும். ஒரு ஸ்வரத்தை எட்டுவது வேறு, அதன் அருகிலேயே 16 பார் (தாளச் சுற்று) குடியிருப்பது வேறு.

பயிற்சியையும் பின்னிருந்து தொடங்குங்கள். கடைசி கோரஸ், பிறகு மாற்றத்தின் இரண்டு பார்கள், பிறகுதான் முதல் வரி.

கேள்வி: சொந்தமாகப் பாட்டு அமைக்கிறேன். சி-யிலிருந்து டி-க்குப் போனால் யாரோ கதவை உடைத்துக்கொண்டு வந்தது போலிருக்கிறது. இடையில் என்ன கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) போடுவது?

பதில்: கதவை உடைப்பதும் ஒரு முறைதான். பாட்டு முழுவதும் நின்று, ஒரு டிரம் உருட்டல் வந்து, நேராக டி-யில் இறங்கலாம். கார்டு எதுவும் வேண்டாம். மௌனமோ டிரம்மோ இல்லாமல் அப்படிச் செய்தால்தான் தவறு நேர்ந்ததுபோல் கேட்கும்.

பதமாகப் போக, புதுச் சுருதியின் பஞ்சமத்தில் நிற்கும் செவன்த் கார்டைப் போடுங்கள். டி-க்கு அது ஏ செவன்த்: ஏ, சி ஷார்ப், இ, ஜி. அதிலுள்ள சி ஷார்ப் பழைய சுருதிக்கு அந்நியம். அதைக் கேட்டதுமே காது டி-யை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். குறைந்தது ஒரு முழு பார் கொடுங்கள். கடைசி ஒரு தட்டில் மட்டும் திணித்தால் கேட்பவருக்கு எட்டுவதற்குள் புதுச் சுருதி வந்துவிடும்.

இன்னும் மெதுவாக வேண்டுமானால் அதற்கு முன் இ மைனர். அது சி மேஜரில் மூன்றாவது கார்டு, டி மேஜரில் இரண்டாவது கார்டு. இரண்டு வீட்டுக்கும் சொந்தம். இ மைனர், ஏ செவன்த், டி என்று போனால் எந்த இடத்தில் எல்லையைத் தாண்டினோம் என்றே தெரியாது.

ஒரு செமிடோன் ஏற்றத்துக்கு, சி-யிலிருந்து டி ஃப்ளாட்டுக்குப் போக, ஏ ஃப்ளாட் செவன்த். இதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. பாடகர் கோரஸைச் சி-யில் முடித்து அந்த ஸ்வரத்தை இழுத்துப் பிடித்தால், கீழே கார்டு ஏ ஃப்ளாட் செவன்த்துக்கு மாறும்போதும் சி அதற்குள் பொருந்தும், அதன் மூன்றாவது ஸ்வரமாக. இதுவரை ஸட்ஜமாக இருந்தது இப்போது புது ஸ்கேலின் நிஷாதம். தானாகவே ஒரு செமிடோன் மேலே வழுக்கி டி ஃப்ளாட்டில் போய் உட்காரும். பாடகர் எதையும் தேட வேண்டியதில்லை. மூன்று செமிடோனுக்கு, சி-யிலிருந்து இ ஃப்ளாட்டுக்கு, எஃப் மைனர், பி ஃப்ளாட் செவன்த், இ ஃப்ளாட். நான்குக்கு, சி-யிலிருந்து இ-க்கு, பி செவன்த். அல்லது இ என்ற ஸ்வரத்தைப் பாடகர் பிடித்து நிற்க, அதன் அடியில் கார்டை மட்டும் மாற்றிவிடலாம்.

ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நின்று அடியில் தரையை மாற்றும் இந்த வித்தையின் உச்சம் ஜெரோம் கெர்னின் ‘ஆல் த திங்ஸ் யூ ஆர்’ என்று நினைக்கிறோம். ‘வெரி வார்ம் ஃபார் மே’ என்ற இசை நாடகத்துக்காக 1939-இல் வந்தது. ஏ ஃப்ளாட், சி, இ ஃப்ளாட், ஜி, இ என்று சுற்றிவிட்டு மறுபடி ஏ ஃப்ளாட்டுக்குத் திரும்புகிறது. இ மேஜரிலிருந்து வீடு திரும்பும் இடத்தில் மெட்டு ஜி ஷார்ப்பில் நிற்கும். அதே கட்டையை ஏ ஃப்ளாட் என்று பெயர் மாற்றிக்கொண்டு அடுத்த பகுதி தொடங்குகிறது. வாசித்துப் பாருங்கள், ஒரு வாரப் பாடம் அதில் இருக்கிறது.

உங்கள் பாட்டில் கதவு உடைவதற்குக் காரணம் கார்டாக இல்லாமலும் இருக்கலாம். கோரஸின் முதல் இரண்டு மூன்று சொற்கள், பாரின் முதல் தட்டுக்கு முன்பே தொடங்குகின்றனவா? அப்படியானால் அந்தச் சொற்களையே புதுச் சுருதியில்தான் பாட வேண்டும், அவற்றின் அடியில் ஏ செவன்த் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். பலர் முதல் தட்டில் டி வரும் என்பதை மட்டும் எழுதிவிட்டு, முன்னே வரும் சொற்களைச் சி-யின் கார்டுகள்மேல் விட்டுவிடுகிறார்கள். பாடகர் பழைய சுருதியில் காலெடுத்து, நடுவில் தடுக்கிவிழுகிறார். ஒத்திகையில் சுருதி மாறும் இடம் சறுக்கினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அடுத்தது பேஸ் கிடார்: மேலே எல்லோரும் ஏ செவன்த் வாசிக்க, அவர் மட்டும் சி-யிலேயே நின்றால் மொத்த ஏற்பாடும் வீண்.

கேள்வி: கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரு ஃப்ரெட்டில் அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) மாட்டி வாசிக்கும் கிடார்காரன். பாட்டு நடுவில் சுருதி மாறினால் என்ன செய்வது?

பதில்: கேப்போவைக் கழற்றாமலே சமாளிக்கும் வடிவங்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு செமிடோன் ஏற்றத்துக்கு ஜி-யிலிருந்து ஏ சிறந்த ஜோடி. ஜி, சி, டி, இ மைனர் என்பவை ஏ, டி, இ, எஃப் ஷார்ப் மைனர் ஆகின்றன. கடைசி ஒன்றுக்கு மட்டும் பார் கார்டு (ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அமுக்கும் வடிவம்) வேண்டும். பாட்டு பி ஃப்ளாட்டிலிருந்து சி-க்குப் போகிறதென்றால் மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ வைத்து இதே வடிவங்களை வாசித்தால் சரியாகிவிடும். மூன்று செமிடோனுக்கு ஏ-யிலிருந்து சி வடிவங்கள் கைக்கு வரும்.

ஒரு செமிடோன் ஏற்றம்தான் தொல்லை. திறந்த வடிவங்களில் அதற்கு நல்ல ஜோடி கிடையாது. கடைசி கோரஸை முழுக்க பார் கார்டுகளில் வாசிப்பதே நேர்மையான வழி. கேப்போவை ஒரு ஃப்ரெட் மேலே நகர்த்தலாம், ஆனால் குறைந்தது இரண்டு பார் ஓய்வு வேண்டும். அவசரத்தில் இழுத்துத் தள்ளும்போது தந்தி பக்கவாட்டில் நீண்டு சுருதி உயர்ந்துவிடும், எல்லாக் கம்பிகளும் ஒரே அளவு உயராது என்பது அதைவிட மோசம். நகர்த்த வேண்டியிருந்தால் தூக்கி வையுங்கள், தேய்க்காதீர்கள். ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் வையுங்கள்.

இரண்டு கிடார் இருக்கும் குழுவானால் ஒருவர் ஆரம்பத்திலிருந்தே புதுச் சுருதிக்குக் கேப்போ வைத்துக்கொண்டு, அதுவரை தந்திகளை அமுக்கித் தாளம் மட்டும் தட்டிக்கொண்டிருக்கட்டும்.

கேள்வி: கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கும்போது எதற்கு இவ்வளவு கஷ்டம்?

பதில்: தாராளமாக அழுத்தலாம். புகழ்பெற்ற அமெரிக்கப் பாடல் அமைப்பாளர் இர்விங் பெர்லின் பியானோவில் பெரும்பாலும் எஃப் ஷார்ப்பில், கறுப்புக் கட்டைகளில்தான் வாசித்தார். மற்ற சுருதிகளுக்கு நெம்புகோல் வைத்த பியானோவைப் பயன்படுத்தினார். அவருக்கே அவமானமில்லை.

அழுத்தும் நொடியில் எந்தக் கட்டையும் கீழே இருக்கக் கூடாது, சஸ்டெய்ன் பெடலும் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில கீபோர்டுகளில் பழைய ஸ்வரம் அணையாமல் தொங்கும். பாட்டு முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்தால் அடுத்த பாட்டு மொத்தமும் தவறான சுருதியில் தொடங்கும். அதற்கு ஒரே மருந்து, பாட்டுப் பட்டியலில் அந்த இடத்தில் சிவப்பில் எழுதி வைப்பது.

கணினியில் தடங்களை ஏற்றுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மிடி தடங்கள் (ஒலிக்குப் பதில் ஸ்வரங்களை எண்களாகப் பதிந்தவை) எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இரண்டு செமிடோன் ஏற்றினால் டிரம் தடமும் சேர்ந்து ஏறும். ஜெனரல் மிடி முறையில் 36-ஆம் எண் பேஸ் டிரம், 38 ஸ்நேர். உங்கள் பேஸ் டிரம் அடிகள் எல்லாம் ஸ்நேராக மாறி வரும். டிரம் தடத்தை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் ஏற்றுங்கள். ஒலிப்பதிவான குரலை ஒன்றிரண்டு செமிடோன் நகர்த்தினால் பெரும்பாலும் தாங்கும். மூன்று நான்கு என்று போகப் போகக் குரல் பொம்மைக் குரலாகும். கடைசி கோரஸைப் புதுச் சுருதியில் மறுபடி பாடவே வையுங்கள். மேலே ஏறிப் பாடும் உழைப்பு குரலில் கேட்க வேண்டும், அதற்காகத்தானே ஏற்றினோம்.

கேள்வி: இசை நாடகப் பாட்டுகளில் மட்டும் ஏன் இத்தனை சுருதி மாற்றம்? எங்கள் அமெச்சூர் குழுவில் ஒரு பாட்டை இறக்கி வாசிக்கலாமா?

பதில்: முதல் காரணம் நடைமுறை. பெண்ணுக்குச் சௌகரியமான இடத்துக்கும் ஆணுக்குச் சௌகரியமான இடத்துக்கும் நான்கு ஐந்து ஸ்வர வித்தியாசம் இருக்கும். ஒரே மெட்டை இருவரும் அடுத்தடுத்துப் பாட வேண்டிய டூயட்டில் சுருதி மாறாவிட்டால் ஒருவர் முனகுவார் அல்லது கத்துவார். அதனால் அவளுக்கு ஒரு சுருதி, அவனுக்கு ஒன்று, சேர்ந்து பாட மூன்றாவது ஒன்று.

இரண்டாவது காரணம் கதை. பாப் பாட்டில் சுருதி ஏறுவது பெரும்பாலும் உற்சாகத்தைக் கூட்டத்தான். நாடகத்தில் பாத்திரம் ஒரு முடிவுக்கு வருகிறது, அல்லது ஓர் உண்மையைப் பார்க்கிறது. அந்த வரியில் சுருதி மாறும். ‘லே மிசெராப்ள’ நாடகத்தில் வரும் ‘ஆன் மை ஓன்’ டி-யில் தொடங்குகிறது. நடுப்பகுதிக்கு பி ஃப்ளாட், முடிவுப் பகுதிக்கு எஃப். நேராக டி-யிலிருந்து எஃப்-க்கு ஏறியிருந்தால் வெறும் மூன்று செமிடோன் தாவலாக நின்றிருக்கும். நடுவில் பி ஃப்ளாட்டுக்குப் போய்வருவதால், பாடுபவள் கனவுக்குள் போய்விட்டு வேறொருத்தியாக வெளியே வருகிறாள். ‘த ஃபேன்டம் ஆஃப் தி ஓப்ரா’வின் பெயர்ப் பாட்டில் சுருதி படியேறிக்கொண்டே போய், நாயகியை இ6-இல் கொண்டு நிறுத்துகிறது. யார் கையில் கயிறு இருக்கிறது என்பதைச் சொல்ல அதற்கு மேல் வசனம் தேவையில்லை.

இறக்கி வாசிப்பது பற்றி. உரிமம் பெற்று நடத்தும் நாடகமானால் சுருதியை மாற்றுவதற்கும் உரிமம் கொடுத்தவரிடம் முன்னதாகவே கேட்க வேண்டும், ஒப்பந்தத்தைப் படியுங்கள். அனுமதி கிடைத்தபின் வாத்தியக்காரர்களை நினையுங்கள். பாடகருக்கு ஒரு செமிடோன் இறங்கினால் நிம்மதி. கிளாரினெட், சாக்ஸ் போன்றவற்றுக்குத் தாளில் எழுதும் சுருதி வேறு, ஒலிக்கும் சுருதி வேறு. ஆகவே எஃப்-இலிருந்து இ-க்கு இறக்கினால் கிளாரினெட்காரர் எஃப் ஷார்ப்பில், ஆறு ஷார்ப்போடு வாசிக்க வேண்டும். ஆல்டோ சாக்ஸுக்குச் சி ஷார்ப், ஏழு ஷார்ப். டி ஃப்ளாட் என்று எழுதிக் கொடுத்தால் ஐந்து ஃப்ளாட். இன்னொரு செமிடோன் இறக்கி இ ஃப்ளாட்டில் வைத்தால் கிளாரினெட்டுக்கு எஃப், சாக்ஸுக்குச் சி. வாத்தியக்காரர்கள் உங்களை வாழ்த்துவார்கள், முதல் சரணம் பாடகருக்குக் கீழே எட்டும் என்றால். பாட்டுக்குள் சுருதி மாறுகிறதென்றால் இரண்டு சுருதிகளையும் இப்படிச் சரிபார்த்துவிட்டே இறக்குங்கள்.

கேள்வி: சுருதியை இறக்கும் பாட்டுகளே கிடையாதா?

பதில்: உண்டு. பீட்டில்ஸின் ‘பென்னி லேன்’ சரணத்தில் பி, கோரஸில் ஏ. ஒவ்வொரு முறையும் கோரஸுக்கு இறங்கி, கடைசி கோரஸை மட்டும் பி-க்கு ஏற்றுகிறார்கள். இறங்கி இறங்கிப் பழகிய காதுக்கு அந்த ஒரே ஏற்றம் இரட்டிப்பாகக் கேட்கிறது. ஜானி கேஷின் ‘ஐ வாக் த லைன்’ (1956) சரணத்துக்குச் சரணம் சுருதி மாறுகிறது. கடைசிச் சரணம் முதல் சரணத்தைவிட ஒரு முழு ஸ்தாயி கீழே. சரணங்களுக்கு நடுவில் அவர் முனகுவது கேட்கும், அடுத்த சுருதியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். மேடையில் சுருதி பிடிக்கத் தடுமாறுகிறவர்கள் வெட்கப்படாமல் இதை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இப்போதைய பாப் பாட்டுகளில் கடைசி கோரஸ் ஏற்றம் ஏன் அருகிவிட்டது?

பதில்: நான்கு பார் லூப் ஒன்றைப் பாட்டு முழுக்க ஓட விட்டு, அதன்மேல் ஒலிகளைக் கூட்டியும் குறைத்தும் அமைக்கும் பழக்கம் வந்துவிட்டது. எழுச்சி வேண்டுமானால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு பேஸை மறுபடி இறக்குகிறார்கள், சுருதிக்கு வேலையில்லை. ராப்பில் மெட்டைவிடத் தாளமும் ஒலியும் முக்கியம். போதாக்குறைக்கு ஏற்றம் கேலிப்பொருளாகவும் ஆகிவிட்டது. ‘லாரி டிரைவரின் கியர் மாற்றம்’ என்று ஆங்கிலத்தில் பட்டப்பெயரே உண்டு. காரணமில்லாமல் செய்த ஏற்றத்துக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். இசை நாடகத்தில் மட்டும் அது குறையவே இல்லை. அங்கே காரணம் எப்போதும் கையில் இருக்கிறது.

கேள்வி: வாத்தியம் இல்லாமல் பாடும் சேர்ந்திசைக் குழு எங்களுடையது. சுருதி மாறும் இடத்தில் நான்கு குரலும் நான்கு திசையில் போகின்றன. இரண்டு செமிடோன் ஏறச் சொன்னால் ஒன்றரைதான் ஏறுகிறோம்.

பதில்: அந்த அரை பெரும்பாலும் மாற்றத்துக்கு முன்பே தொலைந்திருக்கும். முதல் பாதி முழுக்கக் குழு மெல்ல மெல்ல இறங்கி வந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. மாற்றத்துக்கு முந்தைய பாரில் நிறுத்தி பிட்ச் பைப்பை ஊதிப் பாருங்கள். அங்கேயே இறங்கியிருந்தால் மருந்தை முதல் பாதிக்குக் கொடுக்க வேண்டும்: மேஜர் கார்டுகளின் மூன்றாம் ஸ்வரத்தைப் பிடிப்பவர்கள் சற்று மேலாக நினைத்துப் பாடட்டும், இறங்கும் வரிகளில் ஒவ்வொரு படியையும் சிறிதாக வைக்கட்டும்.

அங்கே சரியாக இருந்து, மாற்றத்தில்தான் சறுக்குகிறது என்றால் மூன்று கார்டுகளை மட்டும் தனியே எடுங்கள். சி-யிலிருந்து டி-க்கு என்றால் சி, ஏ செவன்த், டி. சொற்களை விட்டுவிட்டு ‘நூ’ என்று, ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டு, பத்து முறை. ஏ செவன்த்தில் சி ஷார்ப் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பழைய சி-யிலிருந்து அதற்கு ஏறுபவர்தான் குழு மொத்தத்தையும் புதுச் சுருதிக்கு இழுத்துப்போகிறார். அவர் தயங்கினால் எல்லோரும் ஒன்றரையில்தான் நிற்பீர்கள். அந்த ஸ்வரத்தைக் குழுவிலேயே உறுதியான காது உள்ள குரலுக்கு மாற்றிக் கொடுக்கலாம். இ ஸ்வரத்தைப் பாடுபவருக்கு வேலை சுலபம், அது சி கார்டிலும் உண்டு, ஏ செவன்த்திலும் உண்டு. அவர் அசையாமல் நின்றால் மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

பிறகு ஒவ்வொருவரும் தம் தாளில், புதுச் சுருதியின் முதல் ஸ்வரத்துக்குப் பக்கத்தில், அதை யாருடைய எந்த ஸ்வரத்திலிருந்து எடுத்துக்கொள்வது என்று பென்சிலால் எழுதட்டும். ‘ஆல்டோவின் ஏ, அதே ஸ்வரம்’, ‘என் ஜி-க்கு ஒரு செமிடோன் கீழே’ என்பது போல. மாற்றத்துக்கு முந்தைய பாரில் மூச்சு வாங்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் குரல்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக மூச்செடுக்கும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுத் தீர்ந்து நிற்கும் இடத்தில் யாராலும் சுருதியை ஏற்ற முடியாது.